பழைய அஞ்சல் ஒன்றும் தொலையாமல் தண்டர்பேர்டுக்கு மாறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைகளிலும், குன்னூர் ஏலத்தை நம்பி இயங்கும் கிடங்குகளிலும், ஊட்டி, கோத்தகிரி வட்டாரத்துச் சிறு விடுதிகளிலும் பத்துப் பதினைந்து ஆண்டு மின்னஞ்சல் முழுவதும் அலுவலகத்து ஒரே கணினியில், மைக்ரோசாஃப்ட்டின் அஞ்சல் நிரலான அவுட்லுக்கில் கிடப்பது இன்றும் வழக்கமான காட்சிதான். தரகருக்கு அனுப்பிய சாம்பிள் விவரம், ஏலத்தில் போன லாட்டுக்கான இன்வாய்ஸ், லாரி புறப்பட்ட தேதி, முன்பணம் வந்ததற்கான ஒப்புதல் என்று அந்தக் குவியலில் இருப்பவை பலவும் வேறெங்கும் இல்லாதவை. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவுகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதால், பழைய அஞ்சல் போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது.

ஆனால் அந்த அவுட்லுக்கில் அப்படியே தொடர்வதும் இனிச் சரியல்ல. அவுட்லுக் 2016, 2019 இரண்டுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் அதே நாளில் முடிந்தது. விண்டோஸுடன் இலவசமாக வந்துகொண்டிருந்த ‘மெயில்’ செயலி 2024 டிசம்பர் 31-உடன் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் தரப்படும் புதிய அவுட்லுக் இலவசம்தான் என்றாலும், அதில் விளம்பரம் வரும். மற்ற நிறுவனங்களிடம் உள்ள உங்கள் அஞ்சலையும் அது மைக்ரோசாஃப்ட்டின் சர்வர் வழியாகவே ஒத்திசைக்கும். அலுவலகக் கடிதப் போக்குவரத்துக்கு இந்த ஏற்பாடு எனக்கு உவப்பானதல்ல. எனவே இந்த வழிகாட்டி மொசில்லா அறக்கட்டளையின் குடையின் கீழ் வளர்க்கப்படும் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் நிரலைப் பற்றியது. 2004 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பு வெளிவந்த இந்த நிரல் பயனர்களின் நன்கொடையில் நடக்கிறது, மூலநிரல் திறந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விண்டோஸ் 7, 8.1 கணினிகளில் 115-ஆம் பதிப்பு வரைதான் ஓடும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

நிரல் மாறுவதால் முகவரி மாறாது. உங்களுக்கு எழுதுகிறவர்கள் யாருக்கும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை.

அஞ்சல் உண்மையில் எங்கே இருக்கிறது

மாற்றம் அரை மணி நேர வேலையா, ஒரு வார வேலையா என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒரு கேள்விதான். இதற்கு விடை தெரியாமல் தண்டர்பேர்டை நிறுவத் தொடங்க வேண்டாம். அவுட்லுக்கைத் திறந்து ‘ஃபைல்’, ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’, மறுபடியும் ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ என்று போனால் ஒரு சிறு சாளரம் வரும். அதில் ‘ஈமெயில்’ என்ற முதல் தாவலில் உங்கள் முகவரிக்கு நேரே ஐமேப் என்றோ பாப் என்றோ எழுதியிருக்கும். ஐமேப் என்றால் அஞ்சலின் மூலப்படி சர்வரில் இருக்கிறது. கணினியில் இருப்பது அதன் நகல். பாப் என்றால் அவுட்லுக் அஞ்சலை இறக்கிக்கொண்டு, அமைப்பைப் பொறுத்து உடனேயோ சில நாள் கழித்தோ சர்வரிலிருந்து அழித்துவிட்டிருக்கும். உங்கள் மேசைக்கடியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் அந்த அஞ்சல் இல்லாமல் இருக்கலாம்.

அதே சாளரத்தில் ‘டேட்டா ஃபைல்ஸ்’ என்ற தாவலையும் பாருங்கள். அவுட்லுக்கில் இப்போது திறந்திருக்கும் தரவுக் கோப்புகளும் அவை இருக்கும் இடங்களும் அங்கே வரிசையாகத் தெரியும். பி.எஸ்.டி. (.pst) என்று முடிபவை உண்மையான சேமிப்புகள், ஓ.எஸ்.டி. (.ost) என்று முடிபவை சர்வரின் நகல்கள். பல அலுவலகங்களில் ‘ஆர்க்கைவ்’ என்ற பெயரில் இரண்டாவது பி.எஸ்.டி. ஒன்றும் இருக்கும். அவுட்லுக் பழைய அஞ்சலைத் தானாக ஒதுக்கிவைத்த இடம் அதுதான். எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம் என்று நினைத்தவர்களுக்குப் பிறகு 2012-க்கு முந்தைய கடிதங்கள் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இந்தக் கோப்பு விடுபட்டதால்தான். பட்டியலில் இல்லாவிட்டாலும், ஹார்ட் டிஸ்க் முழுவதிலும் பி.எஸ்.டி. கோப்புகளை ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

ஜிமெயிலைப் பாப் வழியில் பயன்படுத்தியவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. அமைப்பை யாரும் மாற்றாமல் இருந்தால், பாப் வழியில் இறக்கிய பிறகும் ஜிமெயில் தன்னிடம் ஒரு படியை வைத்துக்கொள்ளும். பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து மிகப் பழைய அஞ்சலுக்குப் போய்ப் பாருங்கள். எல்லாம் அங்கே இருந்தால் நீங்கள் ஐமேப் வழியிலேயே போய்விடலாம். சொந்த டொமைன் பெயரில் முகவரி வாங்கி, சிறிய சர்வர் இடத்தை வைத்துப் பாப்பில் காலம் தள்ளியவர்களுக்குத்தான் முழு வேலையும் காத்திருக்கிறது.

தொடுவதற்கு முன் ஒரு நகல்

அவுட்லுக்கை மூடுங்கள். மூடிய பிறகும் அது பின்னணியில் ஓடக்கூடும் என்பதால் டாஸ்க் மேனேஜரில் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, எல்லா பி.எஸ்.டி. கோப்புகளையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுங்கள். பென் டிரைவில் எடுக்கப் போகிறீர்கள் என்றால், கடையில் வாங்கிய நிலையில் பல பென் டிரைவ்கள் ஃபேட்32 முறையில்தான் இருக்கும். அந்த முறையில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரே கோப்பு ஏறாது. 32 ஜிபி காலியாக இருக்கும்போதே ‘கோப்பு மிகப் பெரியது’ என்று கணினி மறுப்பதன் காரணம் இதுதான். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்துவிட்டால் சிக்கல் தீரும். அதில் இருப்பவை அழிந்துவிடும் என்பதால் முதலில் வேறிடத்தில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

காலம் பார்த்துச் செய்யவேண்டிய வேலையும் இது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குக் காலத்திலும் மரம் விழுந்து மின்சாரம் போவதும், மண் சரிந்து ஃபைபர் அறுவதும் புதிதல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பி.எஸ்.டி. கோப்பு பழுதாகலாம். யுபிஎஸ் இல்லாத கணினியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கோப்பு ஏற்கெனவே சற்றுத் தடுமாறுகிறது என்று தோன்றினால், அவுட்லுக்குடன் வரும் ‘ஸ்கேன்பிஎஸ்டி’ என்ற பழுதுபார்க்கும் கருவியை மூலக் கோப்பின் மீது ஓட்டாமல் நகலின் மீது ஓட்டிப் பாருங்கள்.

ஐமேப் கணக்கு

இது எளிது. தண்டர்பேர்டை நிறுவி, பெயர், முகவரி, கடவுச்சொல் கொடுத்தால் பெரும்பாலான நிறுவனங்களின் சர்வர் விவரங்களை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஜிமெயிலும் அவுட்லுக்.காமும் வெறும் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. ஒரு சிறு சாளரம் திறந்து அங்கேயே உள்நுழையச் சொல்லும். சொந்த டொமைன் என்றால், டொமைன் விற்றவரிடம் சர்வர் பெயரைக் கேட்டுக்கொண்டு, ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587 என்ற போர்ட் எண்களைக் கொடுங்கள்.

கோப்புறைகளும் பழைய அஞ்சலும் தாமாகவே வரத் தொடங்கும். ஜிமெயில் பெட்டி பெரியதாக இருந்தால் பொறுமை வேண்டும். ஐமேப் வழியாக ஒரு நாளில் 2,500 எம்பி வரைதான் இறக்கலாம் என்று கூகுள் வரம்பு வைத்திருக்கிறது. 15 ஜிபி நிறைந்த பெட்டிக்கு ஒரு வாரம் ஆகலாம். ‘ஆல் மெயில்’ என்ற கோப்புறை மற்றக் கோப்புறைகளில் உள்ளவற்றையே மறுபடியும் காட்டும் என்பதால், ‘சப்ஸ்கிரைப்’ பட்டியலில் அதன் குறியை எடுத்துவிட்டால் பட்டியல் தெளிவாக இருக்கும். ஆனால் ஜிமெயிலில் ‘ஆர்க்கைவ்’ பொத்தானை அழுத்தும் பழக்கம் உள்ளவர்கள் அதை எடுக்கக் கூடாது, அவர்கள் ஒதுக்கியவை அங்கே மட்டும்தான் இருக்கும். கணக்கின் ‘சிங்க்ரனைசேஷன்’ அமைப்பில் அஞ்சல் முழுவதையும் இந்தக் கணினியில் வைத்திருக்கும்படி குறியிட்டுவிடுங்கள். இணைப்பு அறுந்த நாளிலும் பழைய கடிதத்தைத் தேடி எடுக்கலாம்.

அவுட்லுக்கில் ஐமேப் கணக்குடன் ‘திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி’ என்று குறித்த கோப்புறைகளோ தனி பி.எஸ்.டி.யோ இருந்தால், அவை சர்வரில் இல்லை. அவற்றுக்கு அடுத்த பகுதியில் உள்ள வழிதான்.

பாப் கணக்கும் பி.எஸ்.டி. கோப்பும்

தண்டர்பேர்டால் பி.எஸ்.டி. கோப்பை நேரடியாகத் திறக்க முடியாது. அது அவுட்லுக்கிடம் கேட்டு வாங்கித்தான் அஞ்சலைத் தன்னிடம் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே அதே விண்டோஸ் கணினியில் பழைய வகை அவுட்லுக் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். புதிய இலவச அவுட்லுக் இதற்கு உதவாது. விண்டோஸ் அமைப்புகளில் அவுட்லுக்கையே இயல்பான அஞ்சல் நிரலாக வைக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்: இரண்டு நிரல்களும் ஒரே பிட் அளவில் இருக்க வேண்டும். அவுட்லுக்கில் ‘ஆஃபீஸ் அக்கவுண்ட்’, ‘அபௌட் அவுட்லுக்’ என்ற இடத்தில் 32 பிட்டா 64 பிட்டா என்று எழுதியிருக்கும். பழைய ஆஃபீஸ் பலவும் 32 பிட். தண்டர்பேர்டின் இறக்கப் பக்கமோ 64 பிட்டைத்தான் முன்னால் நீட்டும். பொருந்தாவிட்டால் அவுட்லுக்கே இல்லை என்றுதான் தண்டர்பேர்ட் சொல்லும். தேவைப்பட்டால் 32 பிட் பதிப்பைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். அதிலேயே தொடர்ந்தாலும் சிறு அலுவலகத்துக்குக் குறையொன்றும் தெரியாது.

முதலில் ‘ஆர்க்கைவ்’ கோப்பையும் அவுட்லுக்கில் திறந்துவையுங்கள். தண்டர்பேர்டில் இப்போதைக்குப் பாப் கணக்கைச் சேர்க்காமல், ஆல்ட் விசையை அழுத்தி மெனு வரிசையை வரவழைத்து, ‘டூல்ஸ்’, ‘இம்போர்ட்’ என்று போய், அவுட்லுக்கைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்ததும் இடப்புறத்தில் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்பதன் கீழ் அவுட்லுக் பெயரில் ஒரு கோப்புறையும், அதற்குள் உங்கள் பழைய அமைப்பும் தெரியும். ஆர்க்கைவில் இருந்தவை வரவில்லை என்றால், அவுட்லுக்கிலேயே அந்தக் கோப்புறைகளை முதன்மைப் பெட்டிக்குள் நகலெடுத்து, இறக்குமதியை மறுபடி செய்யுங்கள். முதல் முறை வந்ததை அழித்துவிட்டால் இரட்டிப்பு இராது.

இதன் பிறகுதான் கணக்கைச் சேர்க்க வேண்டும். உங்கள் நிறுவனம் ஐமேப் தருகிறது என்றால், மாறுகிற இந்தச் சமயத்திலேயே பாப்பை விட்டு ஐமேப்புக்குப் போய்விடுவதே என் பரிந்துரை. கைப்பேசியிலும் அதே அஞ்சலைப் பார்க்கலாம், கணினி பழுதானாலும் புதிய அஞ்சல் தப்பும். பாப்பிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் என்றால், சர்வரில் அஞ்சலை விட்டுவைக்கும் குறியைக் கணக்கு அமைப்பில் போட்ட பிறகே முதல் முறை அஞ்சலை எடுங்கள். அவுட்லுக் ஏற்கெனவே எதை இறக்கியது என்பது தண்டர்பேர்டுக்குத் தெரியாது. சர்வரில் மிச்சமிருப்பவை மறுபடியும் வரும், சில அஞ்சல்கள் இரண்டு இரண்டாகத் தெரியும். அது இழப்பல்ல, தொல்லை மட்டுமே. அவுட்லுக்கில் தானாக அஞ்சல் எடுக்கும் வசதியை அன்றே நிறுத்திவிடுங்கள். இரண்டு நிரலும் பாப் வழியில் போட்டி போட்டு எடுத்து அழித்துக்கொண்டிருந்தால், தரகரின் கடிதம் ஒன்றிலும் வங்கி அனுப்பிய பதில் மற்றொன்றிலுமாகச் சிதறிவிடும்.

மற்றொரு பாதையும் உண்டு. அவுட்லுக் ஒரு கணினியிலும் தண்டர்பேர்ட் வேறொரு கணினியிலும் இருந்தால், அவுட்லுக்கிலேயே ஒரு ஐமேப் கணக்கைச் சேர்த்து, பழைய கோப்புறைகளை ஒவ்வொன்றாக அதற்குள் நகலெடுக்கலாம். மறுமுனையில் தண்டர்பேர்ட் அவற்றை வாங்கிக்கொள்ளும். ‘மூவ்’ என்பதைத் தொடாமல் ‘காப்பி’ மட்டுமே செய்யுங்கள். ஜிமெயில் என்றால் ஐமேப் வழியாக ஏற்றுவதற்கு நாளொன்றுக்கு 500 எம்பி வரம்பு. இலவச இடம் 15 ஜிபி, அதுவும் டிரைவ், போட்டோஸ் இரண்டுடனும் பங்கு. மலையில் கிடைக்கும் ஏற்ற வேகத்தில் 2 ஜிபிக்கு மேற்பட்ட பெட்டிக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

அவுட்லுக்கே இல்லாத நிலையில்

கணினி செத்து, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பி.எஸ்.டி. மட்டும் மீண்டிருக்கிறது என்றால், லினக்ஸில் ‘ரீட்பிஎஸ்டி’ என்ற இலவசக் கருவி அதை எம்பாக்ஸ் என்ற பொது வடிவத்துக்கு மாற்றித் தரும். உபுண்டு போட்ட எந்தக் கணினியிலும் இதை நிறுவலாம். வரும் கோப்புகளை, தண்டர்பேர்டுக்கான ‘இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி’ என்ற கூடுதல் நிரல் மூலம் லோக்கல் ஃபோல்டர்ஸுக்குள் சேர்க்கலாம். விண்டோஸ் லைவ் மெயில் பயன்படுத்தியவர்களுக்கு இன்னும் சுலபம். அது ஒவ்வொரு அஞ்சலையும் தனித்தனி இ.எம்.எல். கோப்பாகவே வைத்திருந்தது, அதே கூடுதல் நிரல் உட்கோப்புறைகளோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும். எக்ஸ்பி காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸின் டி.பி.எக்ஸ். கோப்பு கையில் இருந்தால், ‘அன்டிபிஎக்ஸ்’ என்ற இலவசக் கருவியால் அதை இ.எம்.எல். கோப்புகளாகப் பிரித்துக்கொண்டு இதே வழியில் சேருங்கள். காசு கேட்டு மாற்றித் தரும் நிரல்கள் நிறைய உலவுகின்றன. அவற்றுக்குத் தேவை வருவது அரிது.

தமிழ் அஞ்சலும் முகவரிப் புத்தகமும்

மாற்றிய பிறகு 2000-களின் தமிழ்க் கடிதம் ஒன்றைத் திறந்தால், பவுண்டு குறியும் மேற்கோள் குறியும் தலையில் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகளுமாக ஒரு பக்கம் நிரம்பிக் கிடக்கக்கூடும். அஞ்சல் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டேப், டேம், பாமினி போன்ற குறியாக்கங்களில் எழுதியது அது. எழுதிய நாளில் அந்தந்த எழுத்துரு கணினியில் இருந்ததால் தமிழாகத் தெரிந்தது. அதே எழுத்துருவை நிறுவினால் திரும்பவும் தெரியும். அல்லது உரையை எடுத்து என்எச்எம் கன்வர்ட்டரில் கொடுத்து யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். யூனிகோடில் எழுதிய அஞ்சலே சிதைந்து தெரிந்தால் மட்டும், ‘வியூ’ மெனுவில் உள்ள ‘ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்’ என்பதை அழுத்திப் பாருங்கள்.

முகவரிப் புத்தகத்தில் வேறொரு பொறி இருக்கிறது. பழைய அவுட்லுக் பதிப்புகள் முகவரிகளைச் சிஎஸ்வி கோப்பாக எழுதும்போது யூனிகோடில் எழுதுவதில்லை. தமிழில் தட்டச்சு செய்த பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். இறக்குமதி செய்யுமுன் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். கேள்விக்குறி தெரிந்தால் அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேலே சொன்ன நேரடி இறக்குமதியில் அட்ரஸ் புக்கையும் சேர்த்துக் குறியிட்டு எடுங்கள். நாட்காட்டியை ஐ.சி.எஸ். கோப்பாகச் சேமித்து இறக்கலாம். அஞ்சலைப் பிரித்து வைக்கும் விதிகளையும் கையெழுத்துப் பகுதியையும் புதிதாகத்தான் அமைக்க வேண்டும்.

எண்ணிப் பார்ப்பது

வந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அவுட்லுக்கில் ஒரு கோப்புறையைத் தொட்டால் கீழே இடது மூலையில் ‘ஐட்டம்ஸ்’ என்று மொத்த எண்ணிக்கை தெரியும். தண்டர்பேர்டில் அதே கோப்புறையை வலது சொடுக்கி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பார்த்தால் எண்ணிக்கை தெரியும். ஒரு தாளில் இரண்டு நெடுவரிசை போட்டு எழுதுங்கள். அங்கே 6,214, இங்கே 6,209 என்பது போல மிகச் சிறிய வித்தியாசம் வந்தால், கூட்ட அழைப்பு, சேர்ந்ததற்கான அறிக்கை போன்ற அஞ்சல் அல்லாத உருப்படிகள் விடுபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நூற்றுக்கணக்கில் குறைந்தால் அந்தக் கோப்புறையை மட்டும் மறுபடியும் கொண்டுவர வேண்டும். அனுப்பிய அஞ்சலை மறவாதீர்கள். வந்தவற்றை எண்ணிவிட்டு அனுப்பியவற்றை விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது, வழக்கென்று வந்தால் தேவைப்படுவதோ நாம் எழுதிய கடிதம்தான்.

ஒவ்வொரு கோப்புறையிலும் மிகப் பழையதையும், நடுவில் பெரிய இணைப்புக் கோப்பு உள்ள ஒன்றையும் திறந்து, அந்த எக்செலோ பிடிஎஃபோ உண்மையிலேயே விரிகிறதா என்று சோதியுங்கள். இணைப்பு ‘விண்மெயில்.டேட்’ என்ற பெயரில் தெரிந்தால், அது அவுட்லுக்கின் தனி வடிவம். அதைப் பிரித்துக் காட்டும் கூடுதல் நிரல் தண்டர்பேர்டுக்கு உண்டு.

புதிய இடத்தில் பாதுகாப்பு

தண்டர்பேர்ட் ஒரு கோப்புறையில் உள்ள அத்தனை அஞ்சலையும் ஒரே எம்பாக்ஸ் கோப்பாக வைக்கிறது. இதனால் இரண்டு விளைவுகள். அழித்த அஞ்சல், ‘கம்பேக்ட்’ கட்டளையால் கோப்பைச் சுருக்கும் வரை கோப்புக்குள் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். மேலும் ஓர் அஞ்சலில் வைரஸ் இருப்பதாக ஐயுற்று ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பைத் தூக்கினால், இன்பாக்ஸ் மொத்தமும் கூடவே போகும். எனவே அஞ்சலும் அமைப்புகளும் இருக்கும் தண்டர்பேர்டின் புரொஃபைல் கோப்புறையை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இன்பாக்ஸை ஜிபி கணக்கில் வளரவிடாமல், ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்காண்டு வாரியாகக் கோப்புறை போட்டுப் பிரித்து வைத்தால் தேடலும் வேகமாக இருக்கும், ஆடிட்டர் கேட்கும்போது எடுத்துக்கொடுப்பதும் எளிது.

புரொஃபைல் இருக்கும் இடத்தை ‘ஹெல்ப்’ மெனுவில் ‘டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தில் ‘ஓப்பன் ஃபோல்டர்’ பொத்தான் காட்டும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்தக் கோப்புறை முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்தால் அஞ்சல், முகவரி, அமைப்பு எல்லாம் சேர்ந்த முழு நகல் அதுவே. கடவுச்சொற்களும் அதில் அடங்கியிருப்பதால், அமைப்பில் ‘பிரைமரி பாஸ்வேர்ட்’ ஒன்றை முதலிலேயே வைத்துவிடுவது அவசியம். நிரலுக்குள்ளேயே உள்ள ‘எக்ஸ்போர்ட்’ வசதி 2 ஜிபி வரையிலான புரொஃபைலுக்குத்தான் சரிப்படும். மூடுபனிக் காலத்தில் ஈரம் ஏறும் அறைகளில் ஹார்ட் டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைப்பது மலை வழக்கம், நல்ல வழக்கம்.

அவுட்லுக்கையும் பழைய பி.எஸ்.டி. நகலையும் அந்த ஆண்டுக் கணக்குத் தணிக்கை முடியும் வரை அழிக்காதீர்கள். நாளை கணினி மாறினால், புதியதில் தண்டர்பேர்டை நிறுவி, ‘-பி’ (ஆங்கிலத்தில் -P) என்ற குறியுடன் அதை ஓட்டினால் புரொஃபைல் மேலாளர் திறக்கும். நகலெடுத்து வைத்த கோப்புறையைப் புதிய கணினிக்குள் போட்டு, ‘கிரியேட் புரொஃபைல்’ சாளரத்தில் அதன் இடத்தைக் காட்டினால், கோப்புறைகள் பழைய வரிசையிலேயே வந்து நிற்கும்.